சிறுநீரக மருத்துவப் படிப்பும் தேர்வும்: ஊட்டி ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி சேரிங் கிராஸுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அங்கே கூடுகிறோம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து மருத்துவர்கள் வருவார்கள். சில வாரம் எட்டுப் பேர், மழை பிடித்துக்கொண்டால் இரண்டு பேர். நான் சமவெளியில் டிஎம் நெஃப்ராலஜி (சிறுநீரக மருத்துவ உயர்சிறப்புப் படிப்பு) முடித்துவிட்டு மலைக்குத் திரும்பி வந்தவள். புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டு வாரங்களில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லாமல் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

எம்டி முடித்துவிட்டேன். நெஃப்ராலஜிக்குள் போக என்னென்ன வழி?

இரண்டு வழி. மருத்துவக் கல்லூரியில் டிஎம், அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் டிஆர்என்பி. இரண்டும் மூன்று ஆண்டுகள், இரண்டுக்கும் வாசல் நீட் எஸ்எஸ் என்ற உயர்சிறப்பு நுழைவுத் தேர்வு. பொது மருத்துவத்தில் எம்டி அல்லது அதற்கு இணையான டிஎன்பி படித்தவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். குழந்தை மருத்துவம் படித்தவர்களுக்கும் வழி உண்டு.

அரசுப் பணியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் 50 சதவீதம் பணியில் இருக்கும் அரசு மருத்துவர்களுக்கு என்று 2020-ல் அரசாணை வந்தது. வழக்குகளைத் தாண்டி, 2022-ல் உச்ச நீதிமன்றம் அதன்படி கலந்தாய்வு நடத்த அனுமதித்தது. மலைக்கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலு வருடம் இருந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நுழைவுத் தேர்வுக்கு நெஃப்ராலஜி மட்டும் ஆழமாகப் படித்தால் போதுமா?

போதாது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழைய முறையில் 60 சதவீதக் கேள்விகள் உயர்சிறப்புப் பாடத்திலிருந்து வந்தன. 2021-ல் தேர்வு நெருங்கிய நேரத்தில் அதை மாற்றப் போய், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, மாற்றம் 2022-க்குத் தள்ளிப்போனது. இப்போது 150 கேள்விகளும் பொது மருத்துவம் முழுவதிலிருந்தும் வருகின்றன. நேரம் 150 நிமிடம், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். இதயம், நரம்பு, ரத்தம், நாளமில்லாச் சுரப்பி எல்லாம் தெரிந்தவருக்குத்தான் நெஃப்ராலஜி இடம்.

எனக்கு இந்த மாற்றம் பிடிக்கும். சிறுநீரகம் தனியாக நோய்ப்படுவது குறைவு. முழு உடம்பையும் பார்க்கத் தெரியாதவரிடம் டயாலிசிஸ் மெஷினைக் கொடுத்து என்ன பயன்?

சென்னை, கோவை மாதிரி பெரிய மருத்துவமனை இங்கே இல்லையே. மலையில் இருந்துகொண்டே படிக்க முடியுமா, மேடம்?

இந்தக் கேள்வி வராத ஞாயிறு இல்லை. 2022-ல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, 2025-ல் 700 படுக்கைகளோடு புது மருத்துவமனையும் திறந்தார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். நான் சொல்ல வருவது வேறு. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகிற நோய்கள் இங்கே நம் ஓபியில் வரிசையில் நிற்கின்றன.

சிவப்பணு அரிவாள் போல வளைகிற பரம்பரை ரத்த நோயான சிக்கிள் செல் நோயை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அது முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-ல் எழுதினார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை பார்க்கும் யாருக்கும் இது புதிதல்ல. ஆனால் "ஏழு வயசு ஆச்சு, இன்னும் ராத்திரி படுக்கையிலேயே போயிடுறான்" என்று ஒரு தாய் பையனைக் கூட்டி வரும்போது சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லா நம் நினைவுக்கு வருகிறதா? மெடுல்லாவில் ஆக்சிஜன் குறைவு, அமிலம் அதிகம், உப்பு அடர்த்தியும் அதிகம். சிவப்பணு அரிவாளாக வளைய இதைவிடத் தோதான இடம் உடம்பில் இல்லை. அங்குள்ள மெல்லிய ரத்தக்குழாய்களான வாசா ரெக்டா அடைபடுகிறது, சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் போகிறது. ஒற்றை ஜீன் மட்டும் உள்ள 'டிரெயிட்' ஆட்களுக்கும் இது நடக்கும்.

அப்புறம் வலியில்லாமல் ரத்தமாகச் சிறுநீர் போவது, பெரும்பாலும் இடப்பக்கச் சிறுநீரகத்திலிருந்து. பாப்பில்லரி நெக்ரோசிஸ், அதாவது மெடுல்லாவின் நுனித் திசு செத்துப்போவது. இளவயதில் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், நாமும் நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிடுவோம். ஈஜிஎஃப்ஆரைக் கணக்கிடுவது ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவை வைத்து. இவர்களுக்கு அதைச் சிறுநீரகக் குழாய்கள் கூடுதலாகச் சுரந்து வெளியேற்றுவதால் அந்த எண் பாதி பொய். கிரியாட்டினின் 0.9 என்றால் கூட நான் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்காமல் விடமாட்டேன். உடம்பு வலிக்கு டைக்ளோபெனாக் எழுதும் கையையும் பிடித்து நிறுத்த வேண்டும். இதில் மட்டும் ஆறு தேர்வுக் கேள்விகள் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது காய்ச்சலோடு வரும் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு. தோட்டத்தில் வேலை செய்யும் பெண், ஐந்து நாள் காய்ச்சல், கிரியாட்டினின் 3. பொட்டாசியம் 3-க்குக் கீழே, சிறுநீர் நன்றாகப் போகிறது என்றால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) பக்கம் யோசியுங்கள். சிறுநீரகம் செயலிழந்தும் பொட்டாசியம் ஏறாமல் இறங்குவதுதான் அதன் கையெழுத்து. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புத் தழும்பு இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல்). ஆடையை விலக்கிப் பார்க்கக் கூச்சப்பட்டு அதைத் தவறவிட்டவர்களில் நானும் ஒருத்தி. நோயாளி பிழைத்துக்கொண்டார், ஆனால் இரண்டு நாள் தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு.

பாம்புக்கடியில் கேட்கவே வேண்டாம். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு மேலே வளைந்த ஒரு குட்டிக் குழிவிரியன் இருக்கிறது, ஹம்ப் நோஸ்டு பிட் வைப்பர். அதன் கடியிலும் சிறுநீரகம் போகும், ரத்தம் உறையாமல் போகும், ஆனால் இந்த மருந்து கேட்காது. பத்து குப்பி, இருபது குப்பி என்று ஏற்றியும் உறைதல் நேரம் சரியாகவில்லை என்றால் இன்னும் ஏற்றுவதற்கு முன் கடித்தது எது என்று யோசிக்க வேண்டும்.

ஆகவே என் முறை இதுதான்: ஒரு நோட்டு, ஒரு நாளைக்கு ஒரு நோயாளி. இடப்பக்கம் நீங்கள் பார்த்ததும் செய்ததும். வலப்பக்கம் அன்று இரவு படித்துத் தெரிந்துகொண்டது. முதலில் கேள்வி வங்கியைத் தொடாதீர்கள், நோட்டில் அறுபது பக்கம் நிறைந்த பிறகு தொடுங்கள். தலைகீழாகச் செய்கிறவர்களுக்கு விடை தெரியும், நோய் தெரியாது.

ரத்த வாயுக் கணக்கு எப்போதும் குழப்புகிறது. என்ன செய்ய?

ஊட்டியில் இருந்துகொண்டு இதைக் கற்காமல் போனால் பாவம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், இங்கே 580 பக்கம்தான். நீராவிக்கு 47-ஐக் கழித்து 0.21-ஆல் பெருக்கினால் 112. சமவெளியில் இதே கணக்கு 150 வரும். கார்பன் டை ஆக்சைடு 33 என்று வைத்து, அதை 0.8-ஆல் வகுத்த 41-ஐக் கழித்தால் நுரையீரல் காற்றறையில் ஆக்சிஜன் 71. ஆகவே இங்கே ஒருவருக்குத் தமனி ஆக்சிஜன் 66 என்று வந்தால் பதறி நிமோனியா தேட வேண்டாம், அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

கார்பன் டை ஆக்சைடை ஏன் 40 என்று வைக்காமல் 33 என்று வைத்தேன்? மலைவாசிகள் தங்களுக்கே தெரியாமல் கொஞ்சம் கூடுதலாக மூச்சு விடுகிறார்கள். மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய இதே 2,240 மீட்டர்தான். அங்கே நலமாக இருப்பவர்களிடம் 30-க்கும் 35-க்கும் இடையில்தான் இருக்கிறது. அதை ஈடுகட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே விடுவதால் அதுவும் 24-ஐவிட மூன்று நான்கு குறைவு.

இப்போது நம் விஷயத்துக்கு வாருங்கள். நாள்பட்ட சிறுநீரக நோயாளி, பைகார்பனேட் 20. கோவையில் இருந்தால் லேசான மெட்டபாலிக் அசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் கூடியது) என்று எழுதலாம். ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் அது அவருடைய வழக்கமான எண்ணாகவே இருக்கலாம். பிஎச் பார்க்காமல் சோடா மாத்திரை எழுதாதீர்கள். சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச அமைப்பான கேடிகோவின் 2024 வழிகாட்டுதலே 18-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் மருந்தை யோசிக்கச் சொல்கிறது. விண்டர்ஸ் சூத்திரமும் (பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டி, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணிப்பது) கடல்மட்டத்து ஆட்களுக்கு எழுதியது. இங்கே அதை அப்படியே போட்டால் இல்லாத சுவாச ஆல்கலோசிஸ் (கூடுதல் மூச்சால் ரத்தத்தில் காரம் கூடுவது) ஒன்று கூடவே தெரியும். தேர்வுத் தாளில் மட்டும் சமவெளிக் கணக்கையே போடுங்கள். கேள்வி எழுதியவர் ஊட்டிக்குத் தேனிலவுக்கு மட்டுமே வந்திருப்பார்.

இதோடு ஒட்டியே இன்னொன்று. ஆக்சிஜன் குறைந்தால் உயிரணுவில் ஹிஃப் என்ற புரதம் சிதையாமல் தங்கி, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டினை ஊக்குவிக்கும். இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019-ல் நோபல் கிடைத்தது. அதில் பீட்டர் ராட்கிளிஃப் நம் ஆள், நெஃப்ராலஜிஸ்ட். இந்தியாவில் 2022-ல் அனுமதி பெற்ற, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கான டெசிடுஸ்டாட் மாத்திரை செய்வதும் இதே வேலைதான். அதாவது மலை சும்மா இருந்தபடியே கொஞ்சம் செய்வதை மாத்திரை காசு வாங்கிக்கொண்டு செய்கிறது. அமெரிக்காவில் உயரமான ஊர்களின் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எரித்ரோபொயட்டின் குறைவாகவே தேவைப்பட்டதைக் கண்டார்கள். கோவையில் எழுதிய டோஸை இங்கே அப்படியே தொடரும்போது ஹீமோகுளோபின் 11.5-ஐத் தாண்டுகிறதா என்று ஒரு கண் வையுங்கள்.

சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் நாமே பார்க்க வேண்டுமா? லேப் ரிப்போர்ட் வருமே?

நாமே பார்க்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புதுச் சிறுநீர் 10 மில்லி, ஐந்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜ், மேல்நீரைக் கொட்டிவிட்டு அரை மில்லியில் கலக்கி ஒரு சொட்டு. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் இல்லையா, கண்டென்சரை இறக்கி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காதுமுளைத்த சிவப்பணுக்கள் தெரிந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமருலஸில் கோளாறு. சேற்றுநிற காஸ்ட்கள் (குழாய்களுக்குள் உருவாகும் வார்ப்புகள்) தெரிந்தால் குழாய்கள் செத்திருக்கின்றன. லேப் ரிப்போர்ட்டில் இரண்டும் "ஆர்பிசி 8-10, காஸ்ட் இல்லை" என்று வந்து நான் பார்த்திருக்கிறேன்.

டிரையல்களின் (சிகிச்சை ஆய்வுகளின்) பெயரும் எண்ணும் நினைவில் நிற்பதில்லையே?

பெயரை மனப்பாடம் செய்வதால்தான் நிற்பதில்லை. உங்கள் ஓபியில் இருக்கும் ஒருவரைக் கொண்டுபோய் டிரையலின் வாசலில் நிறுத்துங்கள், உள்ளே விடுவார்களா என்று பாருங்கள். உதாரணம்: குன்னூரில் ஒரு டிரைவர், சர்க்கரை இல்லை, ஈஜிஎஃப்ஆர் 38, ஆல்புமின் விகிதம் 600. 2020-ல் வந்த டாப்பா-சிகேடி 25 முதல் 75 வரை ஈஜிஎஃப்ஆரும் 200 முதல் 5,000 வரை ஆல்புமினும் கேட்டது, சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்றது. இவர் உள்ளே. ஆல்புமின் வெறும் 40 என்றால் டாப்பா-சிகேடி வாசலில் நிறுத்திவிடும். ஆனால் எம்பா-கிட்னி ஈஜிஎஃப்ஆர் 20-க்கும் 45-க்கும் இடையில் இருப்பவர்களை ஆல்புமின் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொண்டது. பரம்பரை நீர்க்கட்டி நோய் உள்ளவர் என்றால் இரண்டு வாசலும் மூடல். இப்படி மூன்று பேரை வைத்து யோசித்தால் இரண்டு டிரையலும் ஆயுசுக்கும் மறக்காது.

கிரெடென்ஸ் (2019), ஃபிடெலியோ (2020), ஃப்ளோ (2024) மூன்றும் சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும். அதுதான் தேர்வில் பொறி. சிகிச்சை பலிக்காத டிரையல்களையும் விடாதீர்கள். ஆன்கா நோயில் (ஒருவகை ரத்தக்குழாய் அழற்சி) பிளாஸ்மா மாற்றம் இறப்பையோ டயாலிசிஸையோ குறைக்கவில்லை என்ற பெக்ஸிவாஸ், டயாலிசிஸை அவசரப்பட்டுத் தொடங்குவதில் லாபமில்லை என்ற ஸ்டார்ட்-ஏகேஐ, இரண்டும் 2020. நள்ளிரவில் ஆம்புலன்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி அனுப்புவதா, காலை வரை பார்ப்பதா என்று முடிவெடுக்கும்போது எனக்கு அதிகம் கைகொடுத்தது இரண்டாவது.

பயாப்ஸி ஸ்லைடுகளைப் பார்க்க எப்படிக் கற்பது?

நோயியல் மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும். படம் பார்த்துக் கற்றது வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கரைந்துவிடும். மாதம் ஒரு நாள் கோவைக்கு இறங்குங்கள்.

முடித்து வருடங்கள் ஆனவர்களுக்குத் தொடர்கல்வி கட்டாயமா?

2002-ல் வந்த மருத்துவ நடத்தை விதிமுறைகளின்படி ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம். கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஆறு மணி, மாதத்துக்கு அரை மணி. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கடைசி வருடத்தில் முப்பதையும் ஒரேயடியாகச் சேர்க்க ஓடுகிறவர்கள் நிறைய. நான் ஒரு முறை அப்படி ஓடினேன். நவம்பர் மாதம், கோவையில் இரண்டு நாள் கருத்தரங்கு. குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் பக்கம் மண் சரிந்து, கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நாலு உரை போயிற்று. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நேரில் போக வேண்டிய எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நமக்குத் தோது. மார்ச் இரண்டாம் வியாழன் உலகச் சிறுநீரக தினம், அதை ஒட்டி நிறைய நிகழ்ச்சிகள் நடக்கும்.

மருந்து கம்பெனி நடத்தும் இரவு விருந்து உரைகளைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்பீர்கள். பிரியாணி நன்றாக இருக்கும்.

டயாலிசிஸ் டெக்னீஷியன்கள், நர்ஸுகள் வரலாமா?

அவசியம் வர வேண்டும். தண்ணீரைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்ததே ஒரு டெக்னீஷியன் தம்பிதான். ஒரு டயாலிசிஸுக்கு நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் சுத்த நீர் வேண்டும். உள்ளே வரும் நீரின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் ஆர்ஓ சவ்வு தரும் நீர் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். 25 டிகிரிக்கு வடிவமைத்த யூனிட்டில் டிசம்பர் காலையில் 12 டிகிரித் தண்ணீர் வந்தால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். முதல் ஷிஃப்டில் அலாரம் அடிக்கும்போது நான் பம்ப்பைச் சந்தேகப்பட்டேன். "மேடம், பம்ப் நல்லாத்தான் இருக்கு, தண்ணி குளிருது" என்றான் அவன். எந்தத் தேர்விலும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கூடலூருக்கு அப்பால் எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு வாரம் மூன்று முறை பஸ் ஏறி வருவது நடக்கிற காரியமில்லை. பலர் இரண்டு முறையோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்களில் பொருந்துகிறவர்களுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் என்ற சிஏபிடி பற்றி முதல் நாளே பேசுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான பைகளும் வீட்டுக்கே வருகின்றன. வடித்த நீர் கலங்கினால், வெள்ளணு 100-க்கு மேல், அதில் பாதிக்கு மேல் பாலிமார்ஃப் என்ற வகை என்றால் தொற்று. இந்த வரையறையை நர்ஸ் அறிந்திருப்பது மருத்துவர் அறிந்திருப்பதைவிட முக்கியம்.

இறுதித் தேர்வின் வைவாவுக்கு எப்படிப் பழகுவது?

டிஎம்மில் நான்கு தாள், டிஆர்என்பியில் தலா 100 மதிப்பெண்ணுக்கு மூன்று தாள். எழுத்துத் தேர்வை எழுதி எழுதித்தான் பழக வேண்டும், அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேஸ் எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம் நோயாளி "உப்பு இருக்குன்னு சொன்னாங்க" என்பார். எந்த உப்பு? கர்ப்ப காலத்தில் சொன்னது என்றால் சிறுநீரில் ஆல்புமின். "ரத்தத்துல உப்பு நாலு" என்றால் கிரியாட்டினின். "உப்பு நூத்தி இருவது" என்றால் யூரியா. பிரஷருக்காகச் சொன்னது என்றால் சாப்பாட்டு உப்பு. ஒரே சொல்லில் நாலு நோய்க்கதை இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் பிரசவத்தில் "உப்பு" இருந்த பெண்ணுக்கு அது அப்புறம் மறைந்ததா, யாராவது பார்த்தார்களா என்று கேட்டால்தான் இன்றைய கிரியாட்டினினுக்குத் தொடக்கம் எங்கே என்று தெரியும். படகர் ஊர்களில் வீட்டுப் பெரியவர் யாராவது கூட இருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். தேர்வாளர் முன் ஆங்கிலத்தில் சொல்லத் திணறுகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் கதையைத் தமிழில் ஒழுங்காகக் கேட்டு வாங்குங்கள். கதை நேராக இருந்தால் ஆங்கிலம் தானாக வரும்.

பிரிட்டனின் நெஃப்ராலஜி தேர்வு எழுதலாமா?

எழுதலாம். ராயல் காலேஜ்களின் எஸ்சிஇ (சிறப்புத் துறைச் சான்றிதழ்) தேர்வு ஒரே நாளில் இரண்டு தாள், தாளுக்கு 100 கேள்வி, மூன்று மணி நேரம். ஐந்தில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாடு போகாவிட்டாலும் வழிகாட்டுதல்களை ஒருமுறை முழுதாகப் படிக்க வைக்கும். கட்டணம்தான் கையைக் கடிக்கும்.

ஞாயிறு வகுப்புக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

உங்கள் நோட்டு. பெயரை மறைத்து ஒரு நோயாளியின் விவரம். முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாத சிறுநீர் ஒரு குப்பி, ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டு வராதீர்கள், மூடி கழன்ற அனுபவம் எங்களுக்கு உண்டு. டீயும் வர்க்கியும் நாங்கள் வாங்கி வைக்கிறோம். கூடலூர் பக்கம் போகிறவர்களை ஆறு மணிக்கெல்லாம் அனுப்பிவிடுவோம்.